பாதுகாப்பான தொலைநுழைவு நிரல்களின் இணக்கம்: ஒரு பொதுமொழியின் உருவாக்கம் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள்

1

ஓரிடத்தில் அமர்ந்தவாறே பிறிதோரிடத்திலுள்ள கணினியினுள் நுழைந்து அதனை இயக்குவதற்கு உதவுவன தொலைநுழைவு நிரல்கள். நுழைபவரின் கடவுச்சொல்லும் அவர் அனுப்பும் கட்டளைகளும் இடையிலே பிறர் கண்ணிற் படாதவாறு மறைகுறியாக்கஞ் செய்து அனுப்பப்படுமாயின், அந்நிரல்களைப் பாதுகாப்பான தொலைநுழைவு நிரல்கள் எனலாம். இன்று இவ்வகை நிரல்களுக்குப் பெரும்பாலும் பொதுவாக அமைந்த நெறிமுறை, எஸ்.எஸ்.எச். எனச் சுருக்கமாக வழங்கும் ‘செக்கியூர் ஷெல்’ ஆகும். பல்கலைக்கழகக் கணினிக்கூடங்கள் முதல் இணையத்தளங்களைத் தாங்கிநிற்கும் சேவையகங்கள் வரை பலவற்றின் அன்றாட நிர்வாகம் இந்நெறிமுறையையே நம்பியிருக்கிறது.

ஒருவர் எழுதிய நிரல் மற்றொருவர் எழுதிய நிரலோடு தடையின்றி உரையாட வல்லதாயிருத்தலே இணக்கம். பின்லாந்துக் கம்பனி ஒன்று விற்கும் நிரலும், கனடாவை மையமாகக் கொண்ட தன்னார்வலர் குழு இலவசமாக வழங்கும் நிரலும், விண்டோஸ் கணினிகளுக்கென இங்கிலாந்தில் எழுதப்பட்ட நிரலும் ஒன்றோடொன்று பேசுகின்றன. இதனைத் தொழினுட்ப நூல்கள் பெரும்பாலும் மிக எளிதாக விளக்கிச் செல்கின்றன. நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. அனைவரும் அதனைப் பின்பற்றினர். ஆகவே இணக்கம் ஏற்பட்டது என்பதே அவ்விளக்கத்தின் சாரம். இவ்விளக்கம் முற்றிலும் பிழையன்று, ஆயின் போதாதது. நியமம் வகுக்கப்படுவதற்கு முன்னரே இணக்கம் ஓரளவு நிலவியது. வகுக்கப்பட்ட பின்னரும் இணக்கமின்மை தொடர்ந்தது. நியமம் கட்டாயம் எனக் கூறியவற்றிற் சில இன்று நடைமுறையிற் கைவிடப்பட்டுள்ளன. இவற்றையெல்லாம் மேற்படி விளக்கத்தால் விளக்கவியலாது.

இணக்கம் என்பது நிரல்களுக்கு இயல்பாகவே அமைந்த பண்பன்று. அது மனித உழைப்பினாற் படைக்கப்பட்டு, சொத்துரிமை பற்றிய போராட்டங்களினூடாக வடிவம் பெற்று, இடையறாது பேணப்படவேண்டியதாயுள்ள ஒரு சமூக உறவு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வாறாயின், அதனைப் பேணும் சுமை யாருடையது, அது முறியும்போது இழப்பு யாருக்கு என்ற வினாக்களும் உடன் எழுகின்றன. இலக்கிய மாணவன் ஒருவன் இத்துறையினுட் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயின் மூலநிரல் என்பதும் எழுதப்படும் பிரதியே. அதற்கும் ஆசிரியர்களும் பதிப்புகளும் பாடபேதங்களும் உள.

2

எஸ்.எஸ்.எச். தோன்றுவதற்கு முன்னிருந்த நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். தொலைநுழைவுக்கான ரெல்நெற் நெறிமுறையின் வேர்கள் 1969ஆம் ஆண்டுவரை செல்வன. அதன் நியமம் 1983இல் நிலைபெற்றது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் பதிப்பில் ‘ஆர்லொகின்’ முதலிய நிரல்கள் இடம்பெற்றன. இவை அனைத்தும் கடவுச்சொல்லை வெளிப்படையான எழுத்துகளாகவே வலையமைப்பில் அனுப்பின. அன்றியும், ஆர்லொகின் போன்றவை குறித்த சில கணினிகளிலிருந்து வருவோரைக் கடவுச்சொல் கேளாமலே உள்ளே விடவும் இடமளித்தன. இதனை வெறுங் கவனக்குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒருவரையொருவர் அறிந்த, ஆய்வு நிறுவனங்களுக்குள் அடங்கிய ஒரு சிறு சமூகத்தின் நம்பிக்கை அந்நிரல்களின் அமைப்பிலே பதிந்திருந்தது. தொண்ணூறுகளில் இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது அச்சமூக அடிப்படை தகர்ந்தது. நிரல்கள் மாறவில்லை; அவற்றைச் சூழ்ந்த உறவுகளே மாறின.

1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிற் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டுத் திருடப்பட்டன. அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து யுலொனென் என்பவர் அதற்கு மாற்றாக எழுதிய நிரலே எஸ்.எஸ்.எச். அவ்வாண்டு யூலை மாதத்தில் மூலநிரலுடன் இலவசமாக அதனை அவர் வெளியிட்டார். வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாயில் எண் உண்டு. கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, ரெல்நெற்றுக்கு 23 என்றிருக்க, இடையில் வெற்றிடமாயிருந்த 22ஐ அவர் வேண்டிப் பெற்றார். பதிலீடு செய்ய விரும்பிய இரண்டுக்கும் நடுவிலே தன் நிரலை அமர்த்தியமை அவரது நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் 20,000 பேர் அதனைப் பயன்படுத்தினர் என்பர்.

இக்கட்டத்தில் இணக்கம் ஒரு பிரச்சினையாக எழவில்லை. எழுதியவர் ஒருவர், நிரல் ஒன்று, நெறிமுறையும் நிரலும் வேறு வேறாகப் பிரியாதிருந்தன. ஒரே பிரதி எங்கும் படியெடுக்கப்படும்போது அதனோடு அதுவே இணங்குதல் இயல்பு.

3

பிரிவு, சொத்துரிமையுடன் நுழைந்தது. 1995 டிசம்பரில் யுலொனென் எஸ்.எஸ்.எச். கொமியூனிகேசன்ஸ் செக்கியூரிற்றி என்னும் கம்பனியை நிறுவினார். தொடக்ககாலப் பதிப்புகளின் உரிமம் தாராளமானதாயிருந்தது. பின்வந்த பதிப்புகளில், குறிப்பாக வணிகப் பயன்பாடு தொடர்பாக, நிபந்தனைகள் படிப்படியாக இறுகின. 1.2.12 என எண்ணிடப்பட்ட பதிப்பே தாராள நிபந்தனைகளுடன் அமைந்த இறுதிப் பதிப்பெனப் பிற்காலத்திற் கொள்ளப்பட்டது. இவ்வெண் பின்னர் மீண்டும் நம்முன் வரும்.

இதே காலத்தில் முதல் நெறிமுறையின் குறைகளும் வெளிப்பட்டன. அனுப்பப்படும் செய்தி இடையில் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்ய அந்நெறிமுறை சீ.ஆர்.சி.-32 என்னும் எளிய கூட்டுத்தொகையையே நம்பியிருந்தது. தற்செயலான வழுக்களைக் கண்டுபிடிக்க அது போதும். திட்டமிட்ட சூழ்ச்சியைத் தடுக்க அது போதாது. 1998இல் இவ்வலுவீனத்தைப் பயன்படுத்தும் தாக்குதல் விவரிக்கப்பட்டது. அதற்கிடையில், 1996ஆம் ஆண்டிலேயே, எஸ்.எஸ்.எச்.-2 என்னும் இரண்டாவது நெறிமுறை வகுக்கப்பட்டிருந்தது. இது முந்தியதன் திருத்தப்பட்ட பதிப்பன்று. புதிதாகக் கட்டப்பட்ட வேறொரு நெறிமுறை. ஒன்றைப் பேசுவது மற்றையதை விளங்கிக்கொள்ளாது.

இவ்வாறாக ஒரே பெயரில் இரு மொழிகள் வழங்கலாயின. பயனாளர் புதியதற்கு உடனடியாக மாறவில்லை. கம்பனி வெளியிட்ட இரண்டாம் நெறிமுறை நிரலின் உரிம நிபந்தனைகள் முந்தியவற்றினும் இறுக்கமானவையாயிருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். தொழினுட்ப ரீதியில் மேம்பட்டது சொத்துரிமை காரணமாகத் தயங்கி ஏற்கப்பட்டது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கு உற்பத்தி உறவுகள் தளையாவது பற்றிய கூற்று இச்சிறு துறையிலும் மெய்ப்படுவதைக் காணலாம்.

இக்காலத்து இணக்க ஏற்பாடுகள் அக்கால நிலைமையை அப்படியே காட்டுகின்றன. கம்பனியின் இரண்டாம் நெறிமுறைச் சேவையகம் பழைய மொழியைத் தானே பேசாது. பழைய நிரலால் ஒருவர் வந்து தட்டினால், அருகிலே நிறுவி வைத்திருக்கும் பழைய சேவையக நிரலை எழுப்பி அவரை அதனிடம் ஒப்படைக்கும். இரு மொழிகளையும் ஏற்கும் சேவையகம் தன் நெறிமுறை எண்ணை 1.99 என அறிவித்தது. 1.99 என்றொரு நெறிமுறை ஒருபோதும் இருந்ததில்லை. பழையதற்கும் புதியதற்கும் இடையிலான காலத்தைக் குறிக்கவே அவ்வெண் வழங்கியது.

ஆக்கவுரிமைச் சட்டமும் இணக்கத்தின் எல்லைகளை வரைந்தது. ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைகுறியாக்க முறைக்கு ஐக்கிய அமெரிக்காவில் 2000 செப்டெம்பர் வரை ஆக்கவுரிமை நிலவியது. எஸ்.எஸ்.எச்.-2 தொடக்கத்தில் டீ.எஸ்.ஏ. என்னும் வேறொரு கையொப்ப முறையைச் சார்ந்து அமைந்ததை இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். ‘ஐடியா’ என்னும் மறைகுறி முறையும் ஆக்கவுரிமைக்கு உட்பட்டதாகவே இருந்தது. ஆகவே சுதந்திர நிரலாளர்கள் அதனைத் தம் நிரலிலிருந்து நீக்கினர். அதன் விளைவாக, பழைய நிரலில் ஐடியாவினாற் பூட்டப்பட்ட திறவுகோற் கோப்பைப் புதிய நிரல் வாசிக்க இயலாதுபோயிற்று. பழைய நிரலைக் கொண்டே அதனை வேறு மறைகுறிக்கு மாற்றியெடுத்து வரவேண்டியதாயிற்று. இங்கு இணக்கத்தை முறித்தது கணிதமன்று, சட்டம்.

4

1999ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் குரோன்வால் மேற்கூறிய 1.2.12ஆம் பதிப்பை எடுத்து, அதன் வழுக்களைத் திருத்தி ஓ.எஸ்.எஸ்.எச். என வெளியிட்டார். ஓப்பன்பீ.எஸ்.டி. என்னும் இயக்குதளத்தை உருவாக்கிவந்த குழுவினர் அதனைத் தமதாக்கி, மேலும் செப்பனிட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி வெளிவந்த தமது 2.6ஆம் பதிப்புடன் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என வழங்கினர். தியோ டி ராட், மார்க்குஸ் பிரீடில், நீல்ஸ் புரோவோஸ் முதலியோர் இம்முயற்சியில் முன்னின்றனர். டேமியன் மில்லர் முதலியோர் அதனைப் பிற இயக்குதளங்களுக்கும் பொருந்துமாறு பெயர்த்தனர். 2000ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எஸ்.எஸ்.எச்.-2 மொழியையும் அந்நிரல் பேசலாயிற்று.

சுவடியியலில், பல பிரதிகள் இருக்கையில் எதனை மூலபாடமாகக் கொள்வது என்பது ஆய்வுமுறை பற்றிய வினா. இங்கோ மூலபாடம் உரிம நிபந்தனையினால் நிர்ணயிக்கப்பட்டது. சிறந்த பதிப்பு எதுவென்று பாராமல், சட்டம் இடந்தந்த பதிப்பு எதுவென்று பார்த்தே பணி தொடங்கவேண்டியிருந்தது. இதே காலப்பகுதியில் பிற நிரல்களும் தோன்றின. சைமன் ரேத்தம் விண்டோஸ் கணினிகளுக்கென எழுதிய ‘புட்டி’ 1999இல் வெளிவந்தது. சுவீடனின் நீல்ஸ் மொல்லர் குனூ திட்டத்தின் கீழ் ‘எல்.எஸ்.எச்.’ என்பதனை எழுதினார். சிறு சாதனங்களுக்கென மற் ஜோன்ஸ்ரன் எழுதிய ‘டிரொப்பெயார்’ 2003இல் வந்தது. ஒரே பிரதி என்ற நிலை மறைந்து, பல கைகள் எழுதிய பல பிரதிகள் ஒரே மொழியிற் பேசவேண்டிய நிலை உருவாயிற்று. இணக்கம் பற்றிய வினா உண்மையில் இங்கிருந்தே தொடங்குகிறது.

இப்பின்னணியில் 2001 பெப்ரவரியில் எழுந்த பெயர்த் தகராறு மனங்கொள்ளத்தக்கது. ‘எஸ்.எஸ்.எச்.’ என்பது தமது வணிகக்குறி என யுலொனென் அறிவித்து, ஓப்பன் எஸ்.எஸ்.எச். தன் பெயரை மாற்றவேண்டுமெனவும், நெறிமுறையை ‘செக்-எஸ்.எச்.’ என அழைக்கலாமெனவும் கோரினார். இரு நிரல்களையும் மக்கள் குழப்பிக்கொள்கின்றனர் என்பது அவரது முறைப்பாடு. இது கற்பனையான முறைப்பாடன்று. ஒருவருடைய உழைப்பில் எழுந்த பெயர் மற்றொருவருடைய நிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது மெய்யே. ஆயின் எதிர்த் தரப்பினர், அச்சொல் ஏற்கெனவே பொதுச்சொல்லாகி விட்டதெனவும், நெறிமுறையைத் திறந்த நியமமாக முன்வைத்த ஆவணங்களில் அது அவ்வாறே வழங்கியதெனவும் வாதிட்டனர். பெயர் மாறவில்லை. 2006 ஜனவரியில் இணையப் பொறியியல் செயலணி வெளியிட்ட நியம ஆவணங்களின் தலைப்புகளிலும் ‘செக்கியூர் ஷெல்’ என்பதே நிலைத்தது. அவ்வாவணங்களின் ஆசிரியர் வரிசையில் யுலொனென்னின் பெயர் இருப்பதும் குறிப்பிடத்தக்கது.

மொழிக்குறியானது சமூக முரண்பாடுகளின் களமாகவும் அமையும் என்ற கருத்தை வொலோஷினொவ் 1929இல் விரித்துரைத்தார். மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றின்மேல் எழுந்த இத்தகராறு அக்கருத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பலருடைய வழக்கினாலே பொருள் பெற்ற ஒரு சொல்லைத் தனியுடைமையாக்கும் முயற்சி, அவ்வழக்கின் பரப்பினாலேயே முறியடிக்கப்பட்டது.

எனினும், தனியுடைமையாளர் தீயவர், பொதுவுடைமையாளர் நல்லவர் என்ற எளிய எதிர்வாக இவ்வரலாற்றைக் காண்பது இயக்கவியல் நோக்காகாது. நிரலை முதலில் இலவசமாக வழங்கியவரும் பின்னர் கம்பனி நிறுவியவரும் ஒருவரே. நெறிமுறையைத் திறந்த நியமமாக்கும் முயற்சியிற் பங்கெடுத்ததும் அக்கம்பனியே. நெறிமுறை பரவினால் நிரல் விற்கும். நெறிமுறை பொதுவானால் நிரலுக்குப் போட்டி தோன்றும். இவ்விரண்டும் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த முரண்பாடு.

5

2006இல் ஆர்.எஃப்.சி. 4250 முதல் 4254 வரையிலான ஆவணங்களாக நியமம் வெளிவந்தது. அதன்படி இரு நிரல்கள் சந்திக்கும்போது முதலில் ஒவ்வொன்றும் ஒரு வரியில் தன்னை அறிமுகஞ் செய்கிறது: நெறிமுறையின் எண், நிரலின் பெயர், பதிப்பு. பின்னர் இரண்டும் தாம் அறிந்த முறைகளின் பட்டியல்களை, விருப்ப வரிசையில், பரிமாறுகின்றன. மறைகுறியாக்கத்தைப் பொறுத்தவரை, பயனர் தரப்பின் பட்டியலில் முதலில் நிற்பதும் சேவையகத் தரப்பிலும் காணப்படுவதுமான முறை தெரிவாகும். பொதுவானது ஒன்றும் இல்லையேல் உரையாடல் அத்துடன் முடியும். புதிய முறை ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் செயலணியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தமது இணையப் பெயரைப் பின்னொட்டாக இட்டு அதனை வழங்கலாம். 2013இல் லிப்-எஸ்.எஸ்.எச். குழுவினர் இவ்வாறு தம் பெயரொட்டுடன் அறிமுகப்படுத்திய கேர்வ்-25519 என்னும் திறவுகோற் பரிமாற்ற முறை, பிற நிரல்களாலும் ஏற்கப்பட்டு, 2020இல் ஒட்டு நீங்கிய நியமப் பெயரைப் பெற்றது. வட்டார வழக்கு பொதுவழக்காவதற்கு ஒப்பானது இது.

ஆயின் நியமமே தன் போதாமையை ஒப்புக்கொள்கிறது. அறிமுக வரியில் நிரலின் பதிப்பைக் கூறுவதன் பிரதான பயன்களுள் ஒன்று இணக்க ஏற்பாடுகளைத் தூண்டுவது என அது குறிப்பிடுகிறது. அதாவது, எதிரிலிருப்பவர் யாரென அறிந்து அவருடைய பிழைகளுக்கேற்ப நடந்துகொள்ளும் பொருட்டே அவ்வரி. கம்பனியின் 2.3.0 வரையிலான சேவையகங்கள் செய்தியின் மெய்ம்மையை உறுதிசெய்யும் திறவுகோலைத் தவறாகக் கணித்தன. ஓப்பன் எஸ்.எஸ்.எச். 3.3க்கு முந்திய பதிப்புகள், ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தின் முன் பூச்சியங்களை நிரப்பி நீளத்தைச் சரிசெய்தாலன்றி அதனை ஏற்க மறுத்தன. இது நியமத்துக்கு முரணானது. பிழை எத்தரப்பிலும் இருந்தது. புட்டி நிரலின் அமைப்புப் பலகையில் ‘வழுக்கள்’ என்றே ஒரு பக்கம் உண்டு. பிறருடைய பிழைகள் ஒவ்வொன்றும் அங்கே பட்டியலிடப்பட்டு, ‘தானாக’, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற தெரிவுகளுடன் காத்திருக்கின்றன.

ஓப்பன் எஸ்.எஸ்.எச். மூலநிரலிலும் இத்தகைய கோப்பொன்று உண்டு. இன்ன பெயரும் பதிப்பும் உடைய நிரல் எதிர்ப்பட்டால் இன்ன பிழையை எதிர்பார்க்க என்பதே அதன் உள்ளடக்கம். பதிப்பாசிரியர் ஒருவர் பாடபேதங்களைத் தொகுத்து அடிக்குறிப்பிடுவதனை இது நினைவூட்டுகிறது. அந்நிரலில் இப்பிழைகளைக் குறித்து வைக்கும் மாறிக்கு நெடுங்காலம் ‘டேட்டாபெலோஸ்’ என்ற பெயரே வழங்கியது. டேட்டா பெலோஸ் என்பது எஸ்.எஸ்.எச். நிரலை வணிகரீதியில் விற்ற பின்லாந்துக் கம்பனி. 1999இல் அதன் பெயரே எஃப்-செக்கியூர் என மாறிவிட்டது. கம்பனி கைவிட்ட பெயரைத் தன்னார்வலரின் நிரல் இருபதாண்டுகள் வரை காத்து வைத்திருந்தது. கல்வெட்டிலே பழைய ஊர்ப்பெயர் எஞ்சி நிற்பது போன்றது இது.

கோப்புகளின் வடிவமும் இவ்வாறே பிரிந்து கிடந்தது. கம்பனியின் பொதுத் திறவுகோல் தலைப்பு வரிகளும் முடிவு வரியும் கொண்ட பல வரிகளாக அமைய, ஓப்பன் எஸ்.எஸ்.எச். அதனை ஒரே வரியில் எழுதியது. புட்டி தனக்கென மூன்றாவது வடிவத்தை வைத்திருந்தது. திறவுகோல் கணிதத்தில் ஒன்றே. எழுதும் முறை மூன்று. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவிகள் தேவைப்பட்டன. கோப்புப் பரிமாற்றத்துக்கான எஸ்.எஃப்.ரி.பி. நெறிமுறையின் கதை இதனினும் கூரியது. அதன் வரைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக 2006 வரை எழுதப்பட்டனவாயினும் அது நியமமாக முடிவுறவில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எச். அதன் மூன்றாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஏனையோரும் பெரும்பாலும் அதனையே பின்பற்ற, நிறைவுபெறாத ஒரு வரைவே நடைமுறை நியமமாயிற்று. இலக்கணம் நூலாக எழுதப்படுமுன் வழக்கு தன்னை நிலைநிறுத்திக்கொண்டது.

6

இதுவரை கூறியது இணக்கம் கட்டியெழுப்பப்பட்ட கதை. இனி அது திட்டமிட்டு முறிக்கப்பட்ட கதையை நோக்குதல் வேண்டும். ஏனெனில் பாதுகாப்பு நிரல்களில் இணக்கம் தன்னளவிலேயே நன்மையன்று. பழைய நிரலோடும் பேசுவேன் என்று ஒரு நிரல் கூறுமாயின், பழைய வலுவீனத்தையும் ஏற்பேன் என்பதும் அதனுள் அடங்கும். சீ.ஆர்.சி.-32 குறையைச் சமாளிக்க முதல் நெறிமுறை நிரல்களில் ஒட்டப்பட்ட பாதுகாப்புப் பகுதியிலேயே 2001இல் கடுமையான வழுவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. பழையதைக் காக்க இட்ட ஒட்டே புதிய வாசலாயிற்று.

ஆகவே படிப்படியாக வாயில்கள் மூடப்பட்டன. 2015இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 7.0, எஸ்.எஸ்.எச்.-1ஐயும், டீ.எஸ்.ஏ. திறவுகோல்களையும், 1024 இரும எண் அளவிலான பழைய திறவுகோற் பரிமாற்ற முறையையும் இயல்புநிலையில் முடக்கியது. 2017இல் எஸ்.எஸ்.எச்.-1 முற்றாக அகற்றப்பட்டது. 2021இல் எஸ்.எச்.ஏ.-1ஐச் சார்ந்த ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் முடக்கப்பட்டது. 2025 ஏப்பிரலில் வந்த 10.0ஆம் பதிப்பில் டீ.எஸ்.ஏ. அடியோடு நீங்கியது. 2006ஆம் ஆண்டு நியமத்தில் ‘கட்டாயம்’ எனக் குறிக்கப்பட்டிருந்தது இதே டீ.எஸ்.ஏ.தான். நியமத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றிய பழைய நிரல் இன்று பேசுவாரற்று நிற்கலாம். அதனின்று விலகிய நிரலே பாதுகாப்பானதாகிறது.

இதே 10.0ஆம் பதிப்பை வெளியிடும்போது அதன் ஆக்குநர்கள் விடுத்த எச்சரிக்கை ஒன்று சிறியதாயினும் பொருள் பொதிந்தது. பதிப்பெண் 1 எனத் தொடங்குகிறதா என்று மாத்திரம் மேலோட்டமாகப் பார்க்கும் நிரல்கள், 10ஐ மிகப் பழைய ஒன்றாம் பதிப்பென மயங்கக்கூடும் என்பதே அது. இணக்கத்துக்காக வைத்த நினைவே இணக்கத்தைக் குலைக்க வல்லதாயிற்று.

2023 டிசம்பரில் ஜேர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ‘ரெராப்பின்’ தாக்குதலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. உரையாடலின் தொடக்கத்திற் செல்லும் சில செய்திகளை, இருதரப்பும் அறியாவண்ணம் இடைநிற்பவர் நீக்கிவிட முடியும் என அவர்கள் காட்டினர். இதற்கான பரிகாரம் ஒரு தரப்பிற் செய்தாற் போதாது. இரு தரப்பும் அதனை அறிந்திருக்கவேண்டும். அதனை அறிவிக்கும் குறி, உண்மையான முறையொன்றின் பெயர்போலப் பட்டியலிற் செருகப்பட்டது. அறியாத நிரல் அதனை இனந்தெரியாத பெயரெனக் கடந்துவிடும். அறிந்த நிரல் விளங்கிக்கொள்ளும். தனித்துப் பாதுகாப்பாயிருக்க ஒருவராலும் இயலாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

ஆயின் இம்மாற்றங்களின் சுமை எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. வலையமைப்பில் உள்ள வழிச்செலுத்திகளும் ஆளிகளும் ஆய்வுக்கூடக் கருவிகளும் தம்முள்ளே பொதிந்த நிரலுடனேயே விற்கப்படுகின்றன. விற்றவர் அந்நிரலைப் புதுப்பிப்பதை நிறுத்திய பின்னரும் கருவி இயங்கிக்கொண்டிருக்கும். மாற்றிக்கொள்ளப் பணமுள்ள நிறுவனம் மாற்றிவிடும். இல்லாதது பழைய முறைகளைக் கையால் மீளத் திறந்து, ஆபத்தைத் தெரிந்தே ஏற்று வாழும். அவ்வாறு மீளத் திறக்கும் வழியை ஓப்பன் எஸ்.எஸ்.எச். குழுவினர் தமது ஆவணத்தில் எழுதி, இயன்றால் எதிர்த்தரப்பைப் புதுப்பிப்பதே மேல் என்றும் அறிவுறுத்துகின்றனர். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு, எஸ்.எஸ்.எச்.-1 மாத்திரம் பேசத் தெரிந்த பழைய சாதனங்களுக்கென 7.5ஆம் பதிப்பின் பயனர் நிரலைத் தனிப்பொதியாகப் பேணிவந்துள்ளது. பாதுகாப்பு வளர்ச்சி சமனற்ற வளர்ச்சியாகவே நிகழ்கிறது. முறைகளைக் கைவிடுதல் தவறென்பது இதன் பொருளன்று, கைவிட்டேயாகவேண்டும். ஆயின் கருவியைப் புதுப்பிக்கும் பொறுப்பினின்று அதனை விற்றவர் தப்பிக்கொள்ள, பழி வறிய பயனாளர்மேல் விழுவதைத் தொழினுட்ப நியதியென ஏற்றல் இயலாது.

7

இறுதியாக உழைப்புப் பற்றிச் சில கூறவேண்டும். ஓப்பன் எஸ்.எஸ்.எச். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் தாராள உரிமத்துடன் வழங்கப்படுகிறது. இவ்வுரிமமே அதனைப் பெருங் கம்பனிகளின் இயக்குதளங்களுள்ளும் கொண்டுசேர்த்தது. 2015இல் தமது தளத்திலும் அதனை ஆதரிக்கப்போவதாக மைக்ரோசொப்ற் அறிவித்தது. 2018 அளவில் அது விண்டோஸ் 10இன் அங்கமாயிற்று. எல்லோரும் ஒரே பிரதியை எடுத்ததனால் இணக்கம் பெருகியது. ஆயின் அப்பிரதியைப் பேணும் சிறு குழுவின் நிலை யாது? 2014 ஜனவரியில், அதே ஓப்பன்பீ.எஸ்.டி. திட்டம் தன் கணினிகளுக்கான ஏறத்தாழ 20,000 டொலர் மின்கட்டணத்தைச் செலுத்தப் பணமின்றிப் பொதுமக்களிடம் உதவி கோரியது. உலகின் சேவையகங்கள் பலவற்றின் வாயிலைக் காக்கும் நிரலின் பிறப்பிடம் விளக்கணையும் நிலையிலிருந்தது. பின்னர் நன்கொடைகள் வந்தன. அடுத்த ஆண்டில் மைக்ரோசொப்ற்றும் நன்கொடையளித்தது. நன்கொடை வரவேற்கத்தக்கதே. ஆயின் கூலிக்குரிய உழைப்பு நன்கொடையிற் தங்கியிருத்தல், அவ்வுழைப்பின் பயன் எங்கே சேர்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

இயந்திரங்களில் உருப்பெறும் சமூகத்தின் பொது அறிவு பற்றி மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிற் சிந்தித்துள்ளார். தொலைநுழைவு நெறிமுறை அத்தகைய பொது அறிவின் ஒரு வடிவம். அது பல நாட்டவரின் உழைப்பினாலும், பிழைகளினாலும், பிழைகளைப் பொறுத்துக்கொண்டு எழுதப்பட்ட திருத்தங்களினாலும் உருவானது. நியம ஆவணம் அதன் சட்டகத்தை மாத்திரம் தருகிறது. அதன் உயிர்நிலை, எதிர்ப்படுபவர் எவராயினும் அவருடன் பேச முயலும் அந்தப் பெயரற்ற திருத்தப் பட்டியல்களிலே தங்கியிருக்கிறது. அப்பட்டியல்களைப் பேணுவோருக்கு ஊதியமும், பழைய கருவிகளோடு வாழ நேர்ந்தோருக்கு விற்பனையாளரிடமிருந்து புதுப்பித்தலும் கிடைக்கச் செய்வது எந்தச் சமூக ஏற்பாடு என்ற வினாவே இவ்வரலாற்றிலிருந்து எழுவது. அதற்கான விடையைப் படிமுறைகளின் பட்டியலில் தேடிப் பயனில்லை.